விண்வெளிக்குப் போய் வந்தால் உடம்புக்கு என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு இறங்குபவர்களை ஏன் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகிறார்கள்? அங்கே போனால் உடம்பு கெட்டுவிடுமா? கெட்டது பிறகு சரியாகுமா? சாதாரண ஆள் ஒருவர் போனால் தாங்குமா?

ஸ்ட்ரெச்சர் பெரும்பாலும் முன்னெச்சரிக்கைதான். இறங்கியவர் எழுந்து நின்றதும் தலைசுற்றி விழ வாய்ப்பு அதிகம், அதனால் யாரையும் நம்பி நடக்கவிடுவதில்லை. அதை வைத்து அவர் நோயாளி ஆகிவிட்டார் என்று முடிவு கட்டக் கூடாது. விண்வெளியில் நடப்பவற்றில் முக்கால்வாசியை நான் நோய் என்று பார்ப்பதே இல்லை. உடல் புது இடத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்கிறது, அதுவும் வெகு வேகமாக. அந்த மாற்றம் அங்கே இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. திரும்பி வரும்போதுதான் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மிச்சமுள்ள கால்வாசி வேறு கதை. கதிர்வீச்சும் கண்ணும் அதில் வரும். அவற்றுக்கு உடல் பழகிக்கொள்வதில்லை.

முதலில் ஓர் அடிப்படை. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே பூமியின் ஈர்ப்பு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. ஆனால் நிலையமும் அதிலுள்ள ஆட்களும் மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் பாய்ந்தபடியே பூமியை நோக்கி விழுந்துகொண்டும் இருக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து விழுவதால் எதுவும் எதன்மீதும் அழுந்துவதில்லை. கால் தரையை அழுத்தாது, முதுகெலும்பின் ஒரு கண்ணி இன்னொன்றை அழுத்தாது, ரத்தம் காலை நோக்கி இறங்காது. இனிச் சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த ஒன்றிலிருந்தே வருகிறது.

சுற்றுப்பாதையை எட்டிய கொஞ்ச நேரத்திலேயே கால்களில் இருந்த திரவம் மார்புக்கும் தலைக்கும் ஏறிவிடும். இரண்டு லிட்டர் அளவுக்கு இப்படி இடம் மாறும் என்பது பொதுவான கணக்கு. முகம் உப்பும், கால்கள் மெலிந்து தெரியும், மூக்கு அடைத்துக்கொண்டே இருக்கும். மூக்கடைப்பால் சாப்பாட்டில் ருசி தெரிவதில்லை. விண்வெளி நிலையத்தில் காரமான சாஸுக்கு எப்போதும் கிராக்கி இருப்பதற்கு அது ஒரு காரணம். மேலே ரத்தம் அதிகமாக இருப்பதைக் கண்ட உடல், மொத்தத் திரவமே கூடிவிட்டது என்று தவறாகக் கணித்து அதைக் குறைக்க ஆரம்பிக்கிறது. சில நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா 10 முதல் 15 சதவீதம் குறைந்துவிடும்.

சிவப்பணுக்களும் குறைகின்றன. பிளாஸ்மா குறைந்ததை ஈடுகட்டத்தான் இது நடக்கிறது, சில நாட்களில் நின்றுவிடும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2022இல் கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகக் குழு 14 வீரர்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு அதை மாற்றியது. பூமியில் நம் உடல் ஒரு நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை உடைத்து, அதே அளவு புதிதாகச் செய்கிறது. விண்வெளியில் உடைபடுவது நொடிக்கு 30 லட்சம். ஆறு மாதம் முழுக்க அது குறையவே இல்லை. எடையில்லாமல் மிதக்கும்போது இந்தச் சோகை பெரிதாகத் தெரியாது. இறங்கி நடக்கும்போது தெரியும்.

அப்புறம் வாந்தி. விண்வெளி வீரர்கள் என்றால் இரும்பு உடம்பு என்று நினைப்போம். அவர்களிலும் 60 முதல் 80 சதவீதம் பேருக்கு முதல் இரண்டு மூன்று நாட்கள் குமட்டலோ வாந்தியோ வருகிறது. நம் உள்காதில் நுண்ணிய கால்சியம் துகள்கள் உண்டு. தலை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவை ஈர்ப்புக்கேற்ப நகர்ந்து, கீழ் எது மேல் எது என்று மூளைக்குச் சொல்லும். அங்கே அவற்றுக்குக் கீழ் என்பதே கிடையாது. கண் ஒன்று சொல்ல, காது இன்னொன்று சொல்ல, மூளை குழம்பிப்போகிறது. 1961இல் வோஸ்டாக் 2 கலத்தில் போன கெர்மன் டிடோவ்தான் இதை முதலில் அனுபவித்தவர். அப்போது அவருக்கு வயது 25, தேர்ந்த போர் விமானி. 1985இல் நாசாவின் ஷட்டில் விண்கலத்தில் போன அமெரிக்க செனட்டர் ஜேக் கார்ன் மிக மோசமாக அவதிப்பட்டார். அதன் பிறகு நாசா ஆட்கள் வாந்தியின் தீவிரத்தை அவர் பெயராலேயே அளந்து கேலி பேசும் அளவுக்குப் போனது. யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதைத் தரையில் செய்யும் சோதனைகளால் சரியாகக் கணிக்க முடிவதில்லை. மூன்று நாளில் மூளை காதைக் கணக்கில் எடுப்பதைக் குறைத்துக்கொண்டு கண்ணை நம்பப் பழகிவிடும், தொந்தரவும் அடங்கும்.

எலும்பு விஷயத்துக்கு வருவோம். எலும்பு கல் மாதிரி ஒரே நிலையில் இருப்பதில்லை. ஒருவகைச் செல்கள் அதை அரித்துக்கொண்டே இருக்கும், இன்னொரு வகைச் செல்கள் கட்டிக்கொண்டே இருக்கும். எங்கே எவ்வளவு கட்டுவது என்பதை அந்த இடத்தில் விழும் சுமைதான் தீர்மானிக்கிறது. சுமை போய்விட்டால்? வேலையில்லாத ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க உடல் தயாராக இல்லை. இடுப்பு, தொடை போன்ற உடல் எடையைத் தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் தாது அடர்த்தி குறைகிறது. பூமியில் வயதானவர்களுக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டில் குறைவது இது. அதேசமயம் மண்டையோட்டு எலும்பு இப்படிக் குறைவதில்லை. அது என்றுமே எடை தாங்கியதில்லை அல்லவா.

கரைந்த கால்சியம் ரத்தத்துக்கு வந்து சிறுநீரில் வெளியேறுகிறது. அதனால் சிறுநீரகக் கல் வரும் ஆபத்து கூடுகிறது. இதில் யாரும் எதிர்பார்க்காத பக்கவிளைவு ஒன்று நடந்தது. நிலையத்தில் சிறுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் இயந்திரம் 2009இல் அடைத்துக்கொண்டது. திறந்து பார்த்தால் உள்ளே கால்சியம் சல்பேட் படிந்திருந்தது. வீரர்களின் சிறுநீரில் எதிர்பார்த்ததைவிடக் கால்சியம் அதிகமாக இருந்ததே காரணம். மருத்துவர்களின் தலைவலி இன்ஜினியர்களின் தலைவலியாகவும் மாறிய இடம் அது.

இறங்கிய பிறகு எலும்பு திரும்ப வளருமா? வளரும், முழுதாக அல்ல. கனடாவின் கால்கேரி பல்கலைக்கழகம் தலைமை வகித்த ஆய்வு, 17 வீரர்களைத் திரும்பி ஓராண்டு வரை தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியானது. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு பழைய நிலைக்கு வரவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் இருந்தவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்கள் இழந்தபடியே இருந்தது, பத்தாண்டு வயதானால் எவ்வளவு தேயுமோ அந்த அளவு. இதில் அடர்த்தி எண்ணைவிட உள்கட்டமைப்பு முக்கியம் என்று நினைக்கிறேன். எலும்புக்குள் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய தாங்கிகள் உண்டு. அவை தேய்ந்து மெலிந்தால் மறுபடி தடிக்க வைக்கலாம். அறுந்தே போனால் அந்த இணைப்பை உடல் திரும்பக் கட்டுவதில்லை. மிச்சமுள்ளதைத்தான் தடிக்க வைக்கும்.

தசைகளின் கதையும் இதுவே, கொஞ்சம் வேகமாக. கெண்டைக்கால், தொடை, முதுகு என்று நம்மை நிமிர்த்தி வைக்கும் தசைகள் முதலில் மெலியும். சோவியத் ரஷ்யா இதைக் கண்கூடாகப் பார்த்தது 1970இல். சோயுஸ் 9 கலத்தில் நிகோலாயெவ், செவஸ்தியானோவ் இருவரும் சுமார் 18 நாட்கள் குறுகலான இடத்தில் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். அவர்களைக் கலத்திலிருந்து தூக்கி வெளியே எடுக்க வேண்டியிருந்தது; சில நாட்கள் ஒழுங்காக நிற்கக்கூட முடியவில்லை. வெறும் 18 நாள்! அதன் பிறகுதான் உடற்பயிற்சி விண்வெளிப் பயணத்தின் கட்டாயப் பகுதியானது.

இன்று நிலையத்தில் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதற்கே ஒதுக்குகிறார்கள். எடையே இல்லாத இடத்தில் பளு தூக்கி என்ன பயன் என்று கேட்கலாம். அங்கே இருப்பது வெற்றிட உருளைகளால் இழுவிசை தரும் கருவி. அதை எதிர்த்து இழுக்க வேண்டும். டிரெட்மில்லில் ஓடும்போது தோளிலும் இடுப்பிலும் பட்டை மாட்டி, மீள்கயிறுகளால் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். இல்லாவிட்டால் முதல் எட்டிலேயே மேலே பறந்துவிடுவார்கள். சுனிதா வில்லியம்ஸ் 2007இல் இப்படிக் கட்டிக்கொண்டு ஓடியே பாஸ்டன் மாரத்தான் தூரத்தை முடித்தார். பயிற்சி பலன் தருகிறது என்பதற்கு நல்ல சாட்சி வலேரி பொல்யாகோவ். இவர் மருத்துவர். ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் 1994 ஜனவரி முதல் 1995 மார்ச் வரை தொடர்ந்து 437 நாட்கள் இருந்தார். ஒரே பயணத்தில் அதிக நாள் இருந்த சாதனை இன்றும் அவருடையதுதான். இறங்கியதும் கலத்திலிருந்து பக்கத்தில் போட்டிருந்த நாற்காலிக்கு நடந்தே போனார். செவ்வாய்க்குப் போய் இறங்கும் மனிதனால் இயங்க முடியும் என்று காட்டுவதே அவர் நோக்கம்.

பயிற்சியும் எல்லாவற்றையும் தடுத்துவிடுவதில்லை. அமெரிக்க வீரர் ஸ்காட் கெல்லி 2015-16இல் 340 நாட்கள் இருந்தபோது வாரத்தில் ஆறு நாள் பயிற்சி செய்தார். அப்படியும் அவர் இதயத்தின் இடது கீழறையின் நிறை கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. ரத்தத்தை ஈர்ப்புக்கு எதிராக மேலே தள்ளும் வேலை இல்லாததால் இதயமும் மெலிகிறது, வடிவத்திலும் சற்று உருண்டையாகிறது. இதை அளந்த ஆய்வில் கெல்லியோடு ஒப்பிட்ட ஆள் பெனுவா லெகோம்த் என்ற நீச்சல்காரர். பசிபிக் கடலைக் கடக்கப் புறப்பட்டு 159 நாட்கள், தினம் மணிக்கணக்காக நீந்தியவர் அவர். அவருடைய இதயமும் ஏறத்தாழ அதே அளவு சுருங்கியிருந்தது. நீரில் படுத்தவாறே நீந்துவது இதயத்தைப் பொறுத்தவரை எடையின்மைக்கு நெருக்கமான நிலை. இருவரின் இதயமும் வேலையைச் சரியாகவே செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறுத்தது, கெடவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் உடலின் சிக்கனம். ஆபத்து எதிர்பாராமல் வரும் விதத்துக்கு இன்னொரு சம்பவம். நிலையத்தில் இருந்த ஒருவர், பயணத்தின் இரண்டாவது மாதத்தில், ஓர் ஆராய்ச்சிக்காகத் தன் கழுத்து ரத்தக்குழாயை அல்ட்ராசவுண்டில் படம் எடுத்தார். கீழே படத்தைப் பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள்: கழுத்துச் சிரையில் ரத்தக்கட்டி. அவருக்கு எந்த அறிகுறியும் இல்லை. ஆராய்ச்சி இல்லையென்றால் யாருக்கும் தெரிந்திருக்காது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசி மருந்து நிலையத்தில் கொஞ்சம்தான் இருந்தது. ரத்தக்கசிவு ஏற்பட்டால் அந்த மருந்தின் வேலையை முறிக்கும் மருந்து கையில் இல்லை. தரையிலிருந்து ஒரு நிபுணர் வழிகாட்ட, சரக்குக் கலம் மாத்திரை கொண்டுவரும்வரை இருந்த ஊசியை அளவு குறைத்து நீட்டித்தார்கள். எடையற்ற இடத்தில் குப்பியிலிருந்து மருந்தை உறிஞ்சி எடுப்பதே பெரும்பாடு. மூன்று மாதத்துக்கு மேல் சிகிச்சை நடந்தது, அவர் பத்திரமாகத் திரும்பினார், பிறகு மருந்து தேவைப்படவில்லை. அந்த ஆய்வில் சோதித்த 11 பேரில் ஆறு பேருக்குக் கழுத்துச் சிரையில் ரத்தம் தேங்கியோ பின்னோக்கியோ ஓடியது தெரிந்தது. மனிதன் விண்வெளிக்குப் போய் ஐம்பது ஆண்டுக்கு மேலான பிறகு, 2019இல் வெளிவந்த செய்தி இது. இன்னும் எதைத் தேடாமல் விட்டிருக்கிறோம் என்ற கேள்வி எனக்கு அதைப் படித்ததிலிருந்து இருக்கிறது.

கண் விஷயமும் இப்படித்தான் தாமதமாக வெளிச்சத்துக்கு வந்தது. மாதக்கணக்கில் தங்கியவர்களுக்குக் கிட்டப் படிப்பது சிரமமாகிறது என்பது முன்பே தெரியும். அதற்காகக் கூடுதல் பவர் உள்ள கண்ணாடியும் கையோடு அனுப்புவார்கள். வயது காரணம் என்று விட்டுவிட்டார்கள். 2009இல் நிலையத்தில் இருந்த மைக்கேல் பாரட், ராபர்ட் தர்ஸ்க் இருவரும் மருத்துவர்கள். தங்கள் பார்வை மாறுவதைக் கவனித்து, ஒருவர் கண்ணை ஒருவர் சோதித்தார்கள். பார்வை நரம்பு விழிக்குள் நுழையும் இடம் வீங்கியிருப்பது போலத் தெரிந்தது. பிறகு விவரமாக ஆராய்ந்தபோது சிலருக்கு விழியின் பின்பக்கம் தட்டையாகியிருந்தது, விழித்திரைக்குப் பின்னுள்ள அடுக்கில் மடிப்புகள் விழுந்திருந்தன. நீண்ட பயணம் போனவர்களில் பாதியளவு பேர் கிட்டத்தில் உள்ளவை மங்கலாகத் தெரிவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்குத் திரும்பிப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அது முழுதாக மாறவில்லை.

காரணம் என்ன? மண்டைக்குள் அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறிவிடுகிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். வேறு நோய்க்காகத் தலையில் மருந்து செலுத்தும் குழாய் பொருத்தியிருந்த சிலர், தாமாக முன்வந்து, எடையின்மையைச் சில நொடிகள் உண்டாக்கும் விமானத்தில் பறந்து அழுத்தத்தை அளக்க உதவினார்கள். 2017இல் வெளியான முடிவு சுவாரசியமானது. எடையின்மையில் அழுத்தம், பூமியில் படுத்திருக்கும்போது இருப்பதைவிடக் குறைவு, நிற்கும்போது இருப்பதைவிட அதிகம். பூமியில் பகல் முழுக்க நிமிர்ந்திருப்பதால் அழுத்தம் குறைந்து கண்ணுக்கும் மூளைக்கும் ஓய்வு கிடைக்கிறது. அங்கே அந்த ஓய்வு ஒருபோதும் இல்லை. மிதமான அழுத்தம், இடைவெளியே இல்லாமல், மாதக்கணக்கில். இது முழு விளக்கமும் அல்ல. ஆனால் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது இதுதான். கால்களைச் சுற்றிக் காற்றை உறிஞ்சி ரத்தத்தைக் கீழே இழுக்கும் கால்சட்டை ஒன்றை ரஷ்யர்கள் வெகுகாலமாக வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கும் அது உதவுமா என்று சோதிக்கிறார்கள்.

மூளையும் மண்டைக்குள் சற்று மேல்நோக்கி நகர்கிறது, அதன் நடுவே திரவம் நிறைந்த அறைகள் விரிகின்றன. 30 வீரர்களின் ஸ்கேன்களை ஒப்பிட்டு 2023இல் வந்த ஆய்வுப்படி, இரண்டு வாரம் போனவர்களுக்கு மாற்றம் அவ்வளவாக இல்லை. ஆறு மாதம் வரை அறைகள் விரிந்துகொண்டே போய், அதற்கு மேல் விரிவது மட்டுப்படுகிறது. பழைய நிலைக்கு வர மூன்று ஆண்டு வரை ஆகலாம்.

நோய் எதிர்ப்புச் சக்தி குறைவதையும் சொல்ல வேண்டும். நம்மில் பெரும்பாலானோர் உடலில் அம்மை, வாய்ப்புண் போன்றவற்றை உண்டாக்கும் ஹெர்ப்பஸ் குடும்ப வைரஸ்கள் தூங்கிக்கொண்டிருக்கும். மன அழுத்தம், தூக்கமின்மை, கதிர்வீச்சு எல்லாம் சேர்ந்து அவற்றை எழுப்புகின்றன. ஷட்டிலில் போன 89 பேரில் 47 பேரின் எச்சில் அல்லது சிறுநீரில் வைரஸ் வெளிப்பட்டது. நிலையத்தில் தங்கிய 23 பேரில் 14 பேருக்கு. மிகச் சிலருக்குத்தான் நோயாக மாறியது. சாதாரணச் சளிகூட அங்கே படுத்தும். மூக்கில் சேர்வது தானாக இறங்காது, சிந்திச் சிந்தித்தான் எடுக்க வேண்டும். 1968இல் அப்போலோ 7 குழுவினர் சளியோடு தரைக்கட்டுப்பாட்டு ஆட்களிடம் சண்டையே போட்டார்கள். இறங்கும்போது மூக்கைப் பிடித்துக் காதடைப்பை எடுக்க வேண்டும் என்று சொல்லி ஹெல்மெட் போட மறுத்துவிட்டார்கள்.

இனி கதிர்வீச்சு. இதில் தப்பிப்பதற்கு உடற்பயிற்சி உதவாது, உடல் பழகவும் பழகாது. பூமியில் இயற்கையாக நம் உடலில் விழுவது உலகச் சராசரியில் ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவெர்ட் (உடலில் விழும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). விண்வெளி நிலையத்தில் ஆறு மாதத்துக்கு 80 முதல் 160 மில்லிசீவெர்ட். அத்தனைக்கும் நிலையம் பூமியின் காந்தப்புலத்துக்குள்தான் இருக்கிறது. அதைத் தாண்டினால் என்ன என்பதை அளந்தது கியூரியாசிட்டி ஊர்தி. 2011-12இல் செவ்வாய்க்குப் போகும் வழியிலேயே அதன் கருவி பதிவு செய்தது நாளொன்றுக்கு சுமார் 1.8 மில்லிசீவெர்ட். போக வர ஆகும் பயணத்துக்கு மட்டும் கணக்கிட்டால் 660 மில்லிசீவெர்ட் வரும். நாசா தன் வீரர்களுக்குப் பணிக்காலம் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பு 600. செவ்வாயில் தங்கும் நாட்களைச் சேர்க்கும் முன்பே கணக்கு தீர்ந்துவிடும்.

இந்தக் கதிர்கள் எக்ஸ்ரே மாதிரி அல்ல. விண்மீன்கள் வெடித்ததில் கிளம்பி, ஒளியின் வேகத்துக்கு அருகில் வரும் அணுக்கருக்கள் இவை. இரும்பு அணுக்கருகூட உண்டு. செல்லுக்குள் புகுந்தால் டிஎன்ஏ இழைகள் இரண்டையும் சேர்த்தே அறுக்க வல்லவை. அப்போலோ வீரர்கள் இருட்டில் கண்ணை மூடியிருக்கும்போதும் பளிச் பளிச்சென்று ஒளிக்கீற்றுகளைப் பார்த்தார்கள். கதிர்த் துகள்கள் விழித்திரை வழியாகப் பாய்ந்ததுதான் அது. கனமான தகடு போட்டுத் தடுக்கலாமே என்றால், துகள் உலோகத்தில் மோதிச் சிதறி இன்னும் பல துகள்களை உண்டாக்கும். தண்ணீர், பாலிஎதிலீன் போல ஹைட்ரஜன் நிறைந்த பொருட்கள் மேல், ஆனாலும் போதாது. சூரியப் புயல் தனி ஆபத்து. 1972 ஆகஸ்டில் மிகப் பெரிய ஒன்று வந்தது. அப்போலோ 16 அந்த ஏப்ரலில் திரும்பிவிட்டது, 17 டிசம்பரில்தான் கிளம்பியது. நடுவில் யாரும் நிலவில் இல்லாதது முழுக்க முழுக்க அதிர்ஷ்டம். இருந்திருந்தால் கதிர்வீச்சு நோயில் படுத்திருக்கக்கூடும்.

இங்கே ஒரு வதந்தியையும் தீர்த்துவிடுகிறேன். ஸ்காட் கெல்லியின் இரட்டைச் சகோதரர் மார்க் பூமியிலேயே இருந்ததால் இருவரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். 'விண்வெளியில் ஸ்காட்டின் டிஎன்ஏ 7 சதவீதம் மாறிவிட்டது' என்று 2018இல் செய்தி பரவியது. அப்படி மாறினால் அவர் மனிதராகவே இருக்க முடியாது. சிம்பன்சிக்கும் நமக்கும் வித்தியாசமே அதைவிடக் குறைவு. மாறியது மரபணு அல்ல, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்ற அளவு. அப்படி மாறியவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் ஆறு மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டன, சுமார் 7 சதவீதம் வரவில்லை. குரோமோசோம் நுனியிலுள்ள டெலோமியர்கள் அங்கே இருந்தபோது நீண்டதும், திரும்பியதும் சுருங்கியதும்தான் உண்மையில் ஆச்சரியமான செய்தி. வயதானால் குட்டையாகும் பகுதி அது. அதற்காக இளமை திரும்புகிறது என்று அர்த்தமில்லை. திரும்பிய பிறகு சில முன்பைவிடக் குட்டையாகவே இருந்தன. தவிர, ஒரே ஒரு ஜோடியை வைத்து எல்லோருக்கும் விதி எழுத முடியாது.

தூக்கம், மனம் பற்றிச் சுருக்கமாக: ஒரு நாளில் 16 தடவை சூரியன் உதிக்கிறது, மின்விசிறிகள் ஓயாமல் இரைகின்றன, தூக்கம் ஆறு மணி நேரத்தை ஒட்டியே நிற்கிறது. நிலையத்தில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஏதாவது ஒருநாள் தூக்க மாத்திரை எடுத்ததாக 2014இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. தனிமையும் சேர்ந்துகொள்ளும்.

என் கணிப்பில் செவ்வாய்ப் பயணத்தின் பெரிய சிக்கல் கதிர்வீச்சுகூட அல்ல. அது பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும். பயணத்தை நடுவில் நிறுத்தாது. குடல்வால் வீங்கினால்? 1985இல் சல்யூட் 7 நிலையத்தில் விளாடிமிர் வாஸ்யூதின் தொற்றால் படுத்தபோது பயணத்தைப் பாதியில் முடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். ரத்தக்கட்டி வந்தவருக்குச் சரக்குக் கலத்தில் மாத்திரை வந்தது. செவ்வாய் வழியில் இரண்டுமே நடக்காது. பேசினால் குரல் போய்ச் சேரவே தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும், பதில் வர அதே நேரம் மறுபடி. போய்வர மூன்று ஆண்டு. இப்போது நிலையத்தில் வைத்திருக்கும் மருந்துகளில் பாதிக்கு மேல் அதற்குள் காலாவதியாகிவிடும். கலத்தையே சுழற்றிச் செயற்கை ஈர்ப்பு உண்டாக்கினால் எலும்பு, தசை, இதயம், கண் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக இருக்கும். ஆனால் தலைசுற்றாத அளவுக்கு நிமிடத்துக்கு இரண்டே சுற்று சுற்றி முழு ஈர்ப்பைப் பெற, சுழலும் ஆரம் 220 மீட்டருக்கு மேல் வேண்டும். அதைக் கட்டுவது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

திரும்பி வருவதைப் பற்றி. இறங்கும் முன் உப்பு மாத்திரையும் தண்ணீரும் நிறையக் குடிப்பார்கள், காலை இறுக்கும் உடை போடுவார்கள். ரத்தம் காலுக்கு இறங்கி மூளைக்குக் கிடைக்காமல் போவதைத் தடுக்க. அப்படியும் 2006இல் ஷட்டிலில் திரும்பிய ஹைடமேரி ஸ்டெஃபனிஷின்-பைப்பர், மறுநாள் வரவேற்பு நிகழ்ச்சியில் பேசிக்கொண்டிருக்கும்போதே தளர்ந்து சரிந்தார். வெறும் 12 நாள் பயணம். மாதக்கணக்கில் இருந்தவர்களுக்கு நிதானம் திரும்பச் சில நாட்கள், தசைக்குச் சில வாரங்கள், எலும்புக்கு ஆண்டுக்கணக்கு. மேலே அமுக்கம் இல்லாமல் நீண்டிருந்த முதுகெலும்பு மறுபடி இறுகும்போது வலிக்கும். முதுகுத் தட்டு பிதுங்கும் ஆபத்தும் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம்.

சரி, சாதாரண ஆள் போகலாமா? சில நாள் பயணம் என்றால், பெரும்பாலும் போகலாம். முன்னாள் விண்வெளி வீரர் ஜான் க்ளென் 1998இல் 77 வயதில் ஒன்பது நாள் போய் வந்தார். 2021இல் இன்ஸ்பிரேஷன் 4 பயணத்தில் மூன்று நாள் சுற்றிவந்த நால்வரில் ஹேலி ஆர்சினோ சிறுவயதில் எலும்புப் புற்றுநோய் வந்து பிழைத்தவர், காலுக்குள் செயற்கை எலும்பு பொருத்தியவர். அந்தப் பயணத்தில் எடுத்த ரத்த மாதிரிகளில் தெரிந்த மாற்றங்களில் பெரும்பாலானவை திரும்பிச் சில மாதங்களில் மறைந்துவிட்டன. கொஞ்ச நாளில் எலும்போ கண்ணோ பெரிதாக மாற நேரமில்லை. இதயக் கோளாறு, கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு, நுரையீரல் பிரச்சினை இருந்தால் மருத்துவர்கள் தயங்குவார்கள். கிரெக் ஓல்சன் என்ற தொழிலதிபருக்கு நுரையீரலில் ஏதோ தெரிந்ததால் முதலில் அனுமதி மறுத்து, அது சரியான பிறகே 2005இல் அனுப்பினார்கள். கிளம்பும்போதும் இறங்கும்போதும் நம் எடையைப்போல் மூன்று நான்கு மடங்கு மார்பில் அழுத்தும். இறங்குவதில் கோளாறு நேர்ந்தால் எட்டு மடங்கு வரை போகும், 2008இல் ஒரு சோயுஸில் போனதுபோல. அதைத் தாங்கும் இதயமும் முதுகும் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் பயணத்துக்குப் பணம் கட்டுபவர்களிடம் நான் கூடுதலாகச் சொல்வது ஒன்றுதான்: அதில் முதல் இரண்டு நாள் வாந்திப் பையோடு போகவும் வாய்ப்பு இருக்கிறது.